டெவன் கிரேட் கன்சால்ஸ் ஆர்செனிக் ஆலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், டேமர் ஆற்றங்கரைக் காட்டுக்குள் ஒரு பழைய விஷ ஆலையின் இடிபாடுகள் நிற்கின்றன. அதை இடித்துத் தள்ளாமல், கழுவித் துடைக்காமல், மரபுச் சின்னமாகக் காத்து வருகிறார்கள். இதைப் பற்றிச் சொன்னால் கேட்பவர் முகத்தில் வரும் முதல் கேள்வி "ஏன்?" என்பதுதான். அதற்குப் பின்னால் வரும் கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில்கள்.

இந்த ஆலை சரியாக எங்கே இருக்கிறது?

டெவன், கார்ன்வால் என்ற இரண்டு மாவட்டங்களுக்கும் நடுவே எல்லையாக ஓடுவது டேமர் ஆறு. ஆற்றின் டெவன் பக்கத்துக் கரையில், டேவிஸ்டாக் என்ற சிறிய ஊருக்கு மேற்கே, பிளாஞ்ச்டவுன் காட்டில் டெவன் கிரேட் கன்சால்ஸ் சுரங்கம் இருந்தது. சுரங்கம் என்று ஒருமையில் சொன்னாலும் வீல் மரியா, வீல் ஃபேனி, வீல் அன்னா மரியா, வீல் ஜோசையா, வீல் எம்மா என்று வரிசையாகப் பல சுரங்கங்கள் சேர்ந்த தொகுப்பு அது. அந்தப் பக்கத்தில் சுரங்கத்தை 'வீல்' என்பார்கள். அன்னா மரியா என்பது நிலத்தின் சொந்தக்காரரான பெட்ஃபோர்ட் பிரபுவின் மனைவி பெயர். மாலை நேரத்தில் தேநீரும் பலகாரமும் சாப்பிடும் ஆங்கிலேய வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் என்று சொல்வார்களே, அதே அம்மாள்தான். ஆர்செனிக் ஆலை எழுந்தது அவர் பெயர் தாங்கிய சுரங்கத்தின் மேல்தான்.

ஆர்செனிக் என்றால் இங்கே எந்தப் பொருளைச் சொல்கிறீர்கள்?

விற்பனைக்குப் போனது ஆர்செனிக் டிரை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள். நம் சித்த மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது இதைத்தான். பார்க்க மாவு மாதிரி இருக்கும், வாசனை கிடையாது, ருசியும் பெரிதாகத் தெரியாது. கால் கிராமுக்கும் குறைவாக உள்ளே போனாலே ஆள் இறந்துவிடலாம்.

செம்புச் சுரங்கம் எப்படி விஷ ஆலையாக மாறியது?

தொடக்கத்தில் இவர்கள் தேடியது செம்பை மட்டும்தான். அந்த நிலத்தில் சுரங்கம் வெட்ட முந்தைய பிரபு ஒருவர் அனுமதி மறுத்தார், தன் வேட்டைப் பறவைகளுக்குத் தொந்தரவாகும் என்று காரணம் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கடைசியில் ஜோசையா ஹிட்சென்ஸ் என்பவர் குத்தகை வாங்கி, 1844-இல் தோண்டத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் அகலமான செம்புத் தாது நரம்பு ஒன்று அகப்பட்டது. ஒரு பவுண்டு வீதம் விற்ற 1,024 பங்குகளில் தொடங்கிய கம்பெனி அது. கொஞ்ச காலத்தில் ஒரு பங்கின் விலை சுமார் 800 பவுண்டைத் தொட்டது.

அடுத்த இருபது ஆண்டுகள் செம்புத் தாது மலைபோல் வந்தது. மார்வெல்லம் துறைமுகத்துக்கு 1859-இல் தனி ரயில் பாதையே போட்டார்கள். அங்கிருந்து படகில் ஏறி வேல்ஸில் உள்ள ஸ்வான்சி உருக்காலைகளுக்குத் தாது போனது. 1860-களில் நல்ல செம்பு குறையத் தொடங்கியது, விலையும் இறங்கியது. அப்போதுதான் அதுவரை ஒதுக்கித் தள்ளிய ஒரு கல்லின் மீது கண் போனது. செம்பு நரம்பின் ஓரத்தில் வெள்ளி நிறத்தில் மின்னும் ஆர்செனோபைரைட். இரும்பு, ஆர்செனிக், கந்தகம் மூன்றும் சேர்ந்த தாது. செம்பு தேடியவர்களுக்கு அது வெறும் குப்பை. பழைய குடைவுகளிலும் கழிவுக் குன்றுகளிலும் ஏராளமாகக் கிடந்தது.

1860-களின் பிற்பகுதியில் அந்தக் குப்பையை வறுத்து ஆர்செனிக் எடுக்க ஆரம்பித்தார்கள். 1870-களில் உலக ஆர்செனிக்கில் ஏறக்குறையப் பாதி டெவன் கிரேட் கன்சால்ஸிலிருந்தும் அதைச் சுற்றியிருந்த சில சுரங்கங்களிலிருந்தும் வந்ததாகக் கணக்கு. மூடும்வரை மொத்தமாக 7 லட்சம் டன்னுக்கு மேல் செம்புத் தாதுவும், 70 ஆயிரம் டன்னுக்கு மேல் ஆர்செனிக்கும் இங்கிருந்து போயின.

கல்லிலிருந்து விஷத்தை எப்படிப் பிரித்தார்கள்?

அடிப்படை எளிமையானது. ஆர்செனோபைரைட்டை நொறுக்கி, காற்று படும்படி சூடாக்கினால், அதிலுள்ள ஆர்செனிக் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆவியாகக் கிளம்பும். கந்தகம் கந்தக டை ஆக்சைடு வாயுவாகப் போகும். உலையில் மிஞ்சுவது சிவப்பு இரும்பு ஆக்சைடு. ஆர்செனிக் டிரை ஆக்சைடு திரவமாக மாறாமல் நேராக ஆவியாகும், குளிர்ந்தால் நேராகத் தூளாகவோ படிகமாகவோ படியும். மொத்தத் தொழிலும் இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது.

கடினம் எல்லாம் அந்த ஆவியைப் பிடிப்பதில்தான். உலையிலிருந்து புகை நேராகப் புகைபோக்கிக்குப் போனால் சரக்கு முழுவதும் காற்றோடு போய்விடும். அதனால் நடுவே லாபிரிந்த் என்ற அறை வரிசையைக் கட்டினார்கள். ஒவ்வொரு அறையின் குறுக்குச் சுவரிலும் ஒரு பக்கம் மட்டும் வழி இருக்கும். அடுத்த சுவரில் வழி எதிர்ப் பக்கம். புகை இடது வலது என்று வளைந்து வளைந்து போகும்போது வேகம் குறையும், சூடு இறங்கும், இட்லிப் பானை மூடியில் நீராவி படிவதுபோல ஆர்செனிக் சுவர்களில் படியும். அதற்கு அப்புறமும் நீளமான புகைக்கால்வாய் ஒன்று மலைச்சரிவில் ஏறி, உச்சியில் நிற்கும் புகைபோக்கியில் முடியும். கால்வாய் நீள நீளக் கூடுதல் சரக்கு பிடிபடும். மிச்சம் வரும் வாயுவும் ஊருக்கு மேலே உயரத்தில் வெளியேறும். பக்கத்தில் உள்ள காவ்டன் சுரங்கத்தில் இப்படி மலையேறும் புகைக்கால்வாயையும் அதன் சாய்ந்த புகைபோக்கியையும் இன்றும் பார்க்கலாம்.

சில வாரங்கள் எரித்த பின் உலையை அணைத்து, அறைகள் ஆறியதும் பக்கக் கதவுகளைத் திறந்து ஆட்கள் உள்ளே போய்ச் சுரண்டுவார்கள். முதல் தடவை கிடைப்பது சாம்பல் நிறத் தூள், நிலக்கரிக் கரி கலந்தது. அதை 'புகைக்கரி' என்றே அழைத்தார்கள். புகையில்லாமல் எரியும் கோக் அல்லது ஆந்த்ரசைட் நிலக்கரி போட்ட இரண்டாவது உலையில் அதை மறுபடி ஆவியாக்கினால், இந்தத் தடவை வெள்ளையாகப் படியும். அந்தப் படிகத்தை ஆலைக் கல்லில் அரைத்து, காகிதம் ஒட்டிய மரப் பீப்பாய்களில் அடைத்து மார்வெல்லத்துக்கு அனுப்பினார்கள்.

உலைகளில் பல வகை இருந்தன. முதலில் ஆட்கள் நீண்ட இரும்புக் கம்பியால் தாதுவைக் கிளறிக்கொண்டே நிற்க வேண்டிய உலைகள். வில்லியம் பிரண்டன் 1828-இல் காப்புரிமை வாங்கிய உலையில் வட்டமான தளமே மெதுவாகச் சுற்றும். மேலே நிலையாக நிற்கும் இரும்புக் கொழுக்கள் தாதுவைத் திருப்பிப் போடும். பிளிமத் வேதியியலாளர் ராபர்ட் ஆக்ஸ்லாண்ட் கொண்டுவந்தது சாய்வாகக் கிடந்து உருளும் நீண்ட இரும்புக் குழாய். ஒரு முனையில் பச்சைத் தாது போகும், மறுமுனையில் வறுத்த தாது விழும்.

போட்டலாக் என்ற பெயரும் அடிக்கடி காதில் விழுகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. போட்டலாக் கார்ன்வாலின் மேற்கு முனையில், செயின்ட் ஜஸ்ட் ஊருக்குப் பக்கத்தில், அட்லாண்டிக் கடலோரப் பாறையில் இருக்கிறது. கடலுக்கு அடியிலேயே குடைந்துகொண்டு போன செம்பு, தகரச் சுரங்கம். 1865-இல் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்கள். இப்போது நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பின் கையில் இருக்கிறது.

அங்கே ஆர்செனிக் எடுத்ததற்குக் காரணமே வேறு. தகரத் தாதுவோடு ஆர்செனோபைரைட் கலந்து வந்தால், தகரம் உருக்கும்போது கெட்டுப்போகும். தண்ணீரில் அலசிப் பிரிக்கலாம் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம், பிரியாது. வறுத்துவிட்டால் ஆர்செனோபைரைட் லேசான இரும்பு ஆக்சைடாகிவிடும், அப்புறம் அலசினால் தகரம் தனியாக நிற்கும். ஆக அங்கே வறுப்பது தகரத்துக்காக, ஆர்செனிக் கூடவே வரும் வரும்படி. 1906 முதல் 1914 வரை நடந்த கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த பிரண்டன் உலையும் லாபிரிந்தும் அங்கே பார்க்கக் கிடைக்கின்றன. லாபிரிந்த் எப்படி வேலை செய்தது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால் என் ஓட்டு போட்டலாக்குக்குத்தான். தொழிலின் அளவு எவ்வளவு பெரியது என்று உணர டெவன் கிரேட் கன்சால்ஸுக்குப் போக வேண்டும்.

உள்ளே போய்ச் சுரண்டிய ஆட்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

மூக்குத் துவாரத்தில் பஞ்சு. வாயிலும் மூக்கிலும் இறுகக் கட்டிய துணி. வெளியே தெரியும் தோலில் களிமண் பூச்சு. பாதுகாப்பு என்று இருந்தது இவ்வளவுதான். ஆர்செனிக் ஈரத் தோலில் ஒட்டிக்கொண்டு அரிக்கும் பொருள். வியர்வை தங்கும் இடங்களான அக்குள், தொடை இடுக்கு, மூக்கோரம் இங்கெல்லாம் புண் வைக்கும். வேலை முடிந்ததும் குளித்தாக வேண்டும், உடுப்பு மாற்றியாக வேண்டும் என்பதை ஆட்கள் அனுபவத்தில் கற்றிருந்தார்கள். சூடான நாளில் வியர்க்க வியர்க்கச் சுரண்டுவது ஆபத்து அதிகம். எல்லாவற்றையும்விட மோசம் அரைக்கும் இடமும் பீப்பாயில் அடைக்கும் இடமும். அங்கே தூள் காற்றில் மிதந்தபடியே இருக்கும்.

உடனே சாகாதவர்களுக்கு என்ன ஆனது என்பதை இன்றைய மருத்துவம் சொல்கிறது. நீண்ட காலம் ஆர்செனிக் பட்டால் உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் தடித்துக் காய்க்கும், நரம்பு பாதிக்கும், தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அந்தக் காலத்தில் சுரங்க ஆள் ஐம்பது வயதுக்குள் மார்பு நோயில் போவது சகஜம் என்பதால், இதில் ஆர்செனிக்கின் பங்கு எவ்வளவு, கல் தூசியின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

தரைக்கு மேலே தாதுவை உடைத்துத் தரம் பிரிக்கும் வேலையில் பெண்களும் சிறுவர்களும் இருந்தார்கள். 'பால் மெய்டன்' (bal maiden) என்று இந்தப் பெண்களுக்குப் பெயர். பிரபுவுக்குக் கிடைத்த குத்தகைப் பணத்தில் டேவிஸ்டாக்கின் நடுப்பகுதி புதிதாகக் கட்டப்பட்டது, தொழிலாளர்களுக்கு பெட்ஃபோர்ட் குடியிருப்புகள் என்ற வரிசை வீடுகளும் வந்தன. வீடுகள் உண்மையிலேயே நல்ல வீடுகள், இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். ஊர் வழிகாட்டிகள் இதை நிறையச் சொல்வார்கள், பஞ்சு வைத்த மூக்கைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகச் சொல்வார்கள்.

இவ்வளவு விஷத்தையும் யார் வாங்கினார்கள்?

எல்லோரும். இன்றைய நமக்கு நம்பக் கடினம், ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்செனிக் கடைச் சரக்கு.

பெரும்பங்கு சாயத்துக்குப் போனது. ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே 1775 வாக்கில் செம்பையும் ஆர்செனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை நிறம் செய்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைவிடப் பளிச்சென்ற மரகதப் பச்சை வந்தது. சுவர்க் காகிதம், செயற்கைப் பூ, உடை, பொம்மை, மெழுகுவர்த்தி என்று அந்தப் பச்சை ஏறாத பொருள் இல்லை. கண்ணாடித் தொழிலில் உருகிய கண்ணாடியிலுள்ள குமிழியைப் போக்க ஆர்செனிக் சேர்த்தார்கள். துப்பாக்கிச் சிறுகுண்டுகள் உருண்டையாக வர ஈயத்தோடு கலந்தார்கள். தோல் பதனிடவும், எலி மருந்துக்கும் போனது. 1852-இல் வில்லியம் கூப்பர் என்ற கால்நடை மருத்துவர் ஆர்செனிக்கும் கந்தகமும் கலந்த குளிப்புத் தூள் ஒன்றை விற்கத் தொடங்கினார். செம்மறி ஆடுகளை அந்தத் தண்ணீரில் முக்கி எடுத்தால் உண்ணியும் சொறியும் போகும். ஆஸ்திரேலியா வரை அது போனது.

பின்னால் பெரிய வாடிக்கையாளராக வந்தவை பூச்சிகள். அமெரிக்காவில் உருளைக்கிழங்குச் செடியைத் தின்ற கொலராடோ வண்டுக்கு எதிராக 1860-களின் கடைசியில் இதே பச்சைச் சாயத்தைத் தூவினார்கள். முதல் உலகப் போரை ஒட்டிப் பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டுக்கு எதிராக கால்சியம் ஆர்செனேட் என்ற பூச்சி மருந்து வந்தபோது ஆர்செனிக் விலை எகிறியது. டெவனில் மூடிக் கிடந்த ஆலை மறுபடி திறந்ததற்கு அமெரிக்கப் பருத்திக்காட்டு வண்டும் ஒரு காரணம்.

இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததால் விபரீதங்களும் நடந்தன. கொலைகள் பெருகவே, 1851-இல் பிரிட்டனில் ஆர்செனிக் விற்பனைச் சட்டம் வந்தது. யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும், சில்லறையாக விற்பதில் கரியோ நீலமோ கலந்து நிறம் மாற்ற வேண்டும். அப்படியும் 1858-இல் பிராட்ஃபோர்ட் நகரில் மலிவு மிட்டாயில் கலப்படத்துக்குச் சேர்க்கும் வெள்ளைத் தூளுக்குப் பதில் தவறுதலாக ஆர்செனிக் போய், சுமார் 20 பேர் இறந்தார்கள். மிட்டாய் தின்னும் வயதுக் குழந்தைகளும் அதில் உண்டு.

வில்லியம் மோரிஸுக்கும் இந்தச் சுரங்கத்துக்கும் தொடர்பு என்பது உண்மையா?

உண்மை. பூ, இலை வடிவச் சுவர்க் காகிதங்களால் உலகப் புகழ் பெற்ற வடிவமைப்பாளர், பிற்காலத்தில் சோஷலிஸ்ட். அவருடைய தந்தை லண்டன் பணச்சந்தையில் தரகர். 1,024 பங்குகளில் 272 அவர் பெயரில் இருந்தன. குடும்பத்தின் வசதி அதிலிருந்து வந்தது. மோரிஸும் வயது வந்ததும் பங்கு பெற்றார், 1871 முதல் 1875 வரை கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராகவே இருந்தார். அந்தப் பங்கு வருமானம் இல்லாமல் இளம் வயதில் அவர் கலைப் பக்கம் போயிருக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி.

அவருடைய கம்பெனியின் ஆரம்பகாலச் சுவர்க் காகிதம் ஒன்றின் பச்சையில் செம்பும் ஆர்செனிக்கும் இருப்பதை 2003-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. 1885-இல் எழுதிய கடிதம் ஒன்றில் மோரிஸ் ஆர்செனிக் பயத்தை மடமை என்று ஒதுக்கித் தள்ளினார், மருத்துவர்களுக்கு அந்தக் காலத்துச் சூனியக்காரி பயம் போல ஏதோ பிடித்திருக்கிறது என்ற தொனியில். ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தால் காகிதத்து ஆர்செனிக் வாயுவாக மாறும் என்று இத்தாலிய மருத்துவர் கோசியோ 1890-களில் காட்டினார். அப்படி வந்த வாயு எத்தனை பேரைப் பாதித்தது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் சண்டை ஓயவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஆலையைப் பற்றி எழுதுபவர்கள் பாதிப் பேர் மோரிஸைச் சுற்றியே எழுதி முடித்துவிடுகிறார்கள். அது சுவையான கதைதான். ஆனால் அவர் இயக்குநராக இருந்தது நான்கைந்து ஆண்டு, பெயர் தெரியாத ஆட்கள் அறைக்குள் சுரண்டியது ஒரு தலைமுறைக்கு மேல்.

உலகத்து மக்கள் எல்லோரையும் கொல்லும் அளவு விஷம் இங்கே குவிந்திருந்ததாமே?

அந்தக் காலத்திலிருந்து வரும் பேச்சு அது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மிகை இல்லை. ஒருவரைக் கொல்ல 0.2 கிராம் என்று வைத்தால் ஒரு டன்னுக்கு 50 லட்சம் பேர். அப்போதைய உலக மக்கள்தொகை ஏறக்குறைய 140 கோடி, அதற்கு 280 டன் போதும். இந்த ஆலையின் சராசரி உற்பத்தி ஆண்டுக்கு 2,000 டன் அளவில் இருந்திருக்க வேண்டும். அதாவது இரண்டு மாதச் சரக்கு.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

செம்பு தீர்ந்தது, ஆர்செனிக் விலையும் நிலையாக இல்லை. 1901-இல் வேலை நின்றது, கம்பெனி கலைந்தது. போர்க்காலத் தேவையால் பழைய இடத்திலேயே மறுபடி தோண்டினார்கள், 1920-களில் புதிய உலையும் லாபிரிந்தும் எழுந்தன. இன்று காட்டுக்குள் ஓரளவு முழுமையாகத் தெரிவது இந்தக் கடைசிக் கட்டத்துக் கட்டடங்கள்தான், விக்டோரியா காலத்தவை அல்ல. 1920-களின் நடுவில் அதுவும் முடிந்தது. அமெரிக்காவில் செம்பு உருக்காலைப் புகையிலிருந்தே ஆர்செனிக்கைப் பிடித்து மலிவாக விற்றார்கள். பிறகு ஸ்வீடனும் சேர்ந்துகொண்டது. தோண்டி எடுத்து வறுப்பவரால் அந்த விலைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் யார், எப்படிப் பாதுகாக்கிறார்கள்?

2006-இல் யுனெஸ்கோ 'கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலக்காட்சி' என்ற பெயரில் பத்துப் பகுதிகளை உலக மரபுச் சின்னமாகச் சேர்த்தது. டேமர் பள்ளத்தாக்கும் டேவிஸ்டாக்கும் அதில் ஒன்று, போட்டலாக் உள்ள செயின்ட் ஜஸ்ட் வட்டாரம் இன்னொன்று. டேமர் பள்ளத்தாக்கு 1995 முதலே இயற்கை எழில் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதாலேயே சட்டத்தின் காவல் வந்துவிடாது. கட்டட அனுமதி கொடுக்கும் உள்ளூர் நிர்வாகம் அதை முக்கியமாகக் கருத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். உண்மையான பல் 1979-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்துக்கு உண்டு. அதன்கீழ் பட்டியலில் வந்துவிட்டால், அனுமதி இல்லாமல் ஒரு கல்லை நகர்த்தினாலும் குற்றம். இந்த வட்டாரத்தின் முக்கியச் சுரங்க இடிபாடுகள் பல அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

மண் முழுவதும் விஷம் என்றால் அதைச் சுத்தம் செய்துவிட வேண்டியதுதானே?

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. சாதாரண மரபுச் சின்னத்தில் கட்டடம் ஒன்று, அழுக்கு வேறு. இங்கே அழுக்கும் சின்னத்தின் பகுதி. லாபிரிந்த் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கும் படிவு, உலைக்கு வெளியே கொட்டிய சிவப்புக் கழிவு, நூறு ஆண்டுக்குப் பிறகும் புல் முளைக்காத வெற்றுத் திட்டு, இவைதான் இங்கே நடந்தது என்ன என்று சொல்லும் சாட்சிகள். எல்லாவற்றையும் அள்ளிவிட்டால் மிஞ்சுவது காட்டுக்குள் ஒரு செங்கல் சுவர்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. சாதாரண மண்ணில் கிலோவுக்குப் பத்து இருபது மில்லிகிராம் ஆர்செனிக் இருக்கும் என்றால், இங்கே கழிவுக் குன்றுகளில் ஆயிரக்கணக்கில், சில இடங்களில் பத்தாயிரக்கணக்கில் இருக்கிறது. அத்தனை லட்சம் டன்னையும் அள்ளி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அள்ளும்போது தூசி பறக்கும், மழை பெய்தால் ஆற்றுக்குப் போகும். இப்போது ஆர்செனிக்கின் பெரும்பகுதி இரும்பு ஆக்சைடோடு பிணைந்து ஓரளவு அசையாமல் கிடக்கிறது. கிளறினால் அந்தப் பிணைப்பு குலையலாம்.

அதனால் கைக்கொண்ட வழி: மோசமான இடத்தை வேலி போட்டு அடைப்பது, சுவர்கள் விழாமல் முட்டுக் கொடுப்பது, பாதையை மட்டும் பாதுகாப்பான மண் போட்டு மூடுவது. பார்க்க அழகாக இருக்காது. புல்வெளி போட்டு, பெஞ்சு போட்டுப் பூங்கா ஆக்குவதைவிட இந்த அழகற்ற தீர்வு நேர்மையானது என்பது என் கருத்து. டேமர் ஆற்றுப் படிவில் இன்னும் ஆர்செனிக் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதுகாப்பது என்றால் அந்தக் கசிவைத் தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பும்தான். அந்தச் செலவுக்கு முடிவே கிடையாது.

அங்கே எதுவும் உயிரோடு இருக்கிறதா?

இருக்கிறது. கழிவுத் திட்டுகளில் சில பாசிகளும் புதர்ச் செடிகளும் பிடித்திருக்கின்றன. ஆச்சரியமான விஷயம் மண்புழு. டெவன் கிரேட் கன்சால்ஸ் மண்ணில் வாழும் மண்புழுக்கள் சாதாரண மண்புழுவை உடனே கொல்லும் ஆர்செனிக் அளவைத் தாங்குகின்றன என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். நூறு நூற்றைம்பது ஆண்டுக்குள் ஓர் உயிரினம் விஷத்துக்குப் பழகிவிட்டது. மண்ணைச் சுத்தம் செய்யக் கூடாது என்பவர்களுக்கு இது கூடுதல் வாதம்.

வங்காளத்து நிலத்தடி நீரில் இருப்பதும் இதே ஆர்செனிக்தானா?

தனிமம் ஒன்று, கதை வேறு. கங்கைப் படுகையில் அது இமயமலை வண்டலோடு இயற்கையாக வந்தது, ஆலை எதுவும் காரணமில்லை. ஆபத்து என்னவோ ஒரே மாதிரி. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

தமிழர்களுக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சுற்றி வளைத்து ஒன்று உண்டு, கோலார் தங்கவயல் வழியாக. டேவிஸ்டாக் பக்கத்தில் வீல் ஃபிரண்ட்ஷிப் என்ற சுரங்கத்தை 1798-இல் பத்தொன்பது வயதில் நிர்வகிக்கத் தொடங்கியவர் ஜான் டெய்லர். டேவிஸ்டாக்கிலிருந்து மார்வெல்லம் நோக்கி மலையைக் குடைந்து ஓடும் கால்வாயும் அவர் வேலை, 1817-இல் திறந்தது. அவர் வழிவந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனிதான் 1880-களில் கோலார் தங்கச் சுரங்கத்தைக் கையில் எடுத்தது. மேற்பார்வைக்குக் கார்ன்வால் ஆட்களைக் கொண்டுவந்தது. ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். செம்பும் தகரமும் சரிந்து டேமர் கரையில் வேலை போன அதே காலத்தில்தான் கார்ன்வால்காரர்கள் உலகெங்கும் சுரங்கம் தேடிப் போனார்கள். தங்கவயலில் தாத்தா வேலை பார்த்தார் என்று சொல்லும் குடும்பங்களுக்கு டேவிஸ்டாக் அருங்காட்சியகத்துப் படங்களில் சில பொருள்கள் பழக்கமானவையாகத் தெரியலாம்.

நேரில் போய்ப் பார்த்தால் ஆபத்தா?

பாதையில் நடந்துவிட்டு வருவதில் பயப்பட ஒன்றுமில்லை. சில ஒழுங்குகள் போதும். வேலியைத் தாண்டக் கூடாது. கல், படிகம், செங்கல் எதையும் நினைவுப்பொருளாக எடுத்து வரக் கூடாது. அங்கே முளைத்த காளானையோ பெர்ரிப் பழத்தையோ பறித்துச் சாப்பிடவே கூடாது. சாப்பிடும் முன் கை கழுவுங்கள், வீட்டுக்குள் நுழையும் முன் காலணி மண்ணைத் தட்டுங்கள். சின்னக் குழந்தைகள் எதை எடுத்தாலும் வாயில் வைக்கும், அதனால் கையைப் பிடித்துக்கொள்வது நல்லது. நாயைக் கயிற்றில் கட்டிக் கூட்டிப் போங்கள். குட்டையில் தேங்கிய தண்ணீரை நக்க விடாதீர்கள்.

எப்படிப் போவது, எங்கே தொடங்குவது?

லண்டன் பேடிங்டனிலிருந்து பிளிமத்துக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து கன்னிஸ்லேக் வரை டேமர் பள்ளத்தாக்கு ரயில் போகிறது. வழியில் கால்ஸ்டாக் பாலத்தின் மேலிருந்து ஆறு அழகாகத் தெரியும். டேவிஸ்டாக்குக்கு பிளிமத்திலிருந்து பஸ்தான். முதலில் மார்வெல்லம் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு டேமர் டிரெய்ல்ஸ் நடைபாதையைப் பிடித்துக் காட்டுக்குள் ஏறினால் பீப்பாய் போன வழியில் பின்னோக்கி நடப்பதாக இருக்கும். போட்டலாக்கையும் சேர்க்க நினைத்தால் லண்டனிலிருந்து பிளிமத் வழியாகப் போகும் ரயில் பாதையின் கடைசி நிலையம் பென்சான்ஸ், அங்கிருந்து செயின்ட் ஜஸ்டுக்கு பஸ். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். குளிர்காலத்தில் காட்டுப் பாதை சேறாக இருக்கும், ஆனால் இலை உதிர்ந்திருப்பதால் இடிபாடுகள் கோடையைவிட நன்றாகத் தெரியும்.